வேலையை விட்டுச் சொந்தத் தொழில்: எந்தக் கணக்கை வைத்து நாள் குறிப்பது?

#1 வரைபலகை

வணக்கம். டிசைன் வேலை. அலுவலகம் போக மிச்ச நேரத்தில் தனியாக எடுத்துச் செய்வதை எப்போது முழுநேரமாக்கலாம் என்று முடிவெடுக்க வேண்டும். "மனசு சொல்லும்போது விடு", "ஆறு மாதச் செலவு கையில் இருந்தால் போதும்" என்ற இரண்டு பதில்தான் எங்கே கேட்டாலும் வருகிறது. இரண்டையும் வைத்து ஒரு தேதியைக் குறிக்க முடியவில்லை.

தொகையைச் சொன்னால் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், பிடித்தம் போகக் கையில் வரும் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில்:

வீட்டுச் செலவு மாதம் 80. இறுக்கிப் பிடித்தால் 60.
தனி வேலையில் வருவது சராசரி 45. வாரம் 12 மணி நேரம் அதற்குப் போகிறது.
சேமிப்பு 480.

12 மணி நேரத்துக்கு 45 என்றால் 40 மணி நேரம் உழைத்தால் 150 வரும், சம்பளத்தைவிட ஒன்றரை மடங்கு. ஆறு மாதச் செலவும் கையில் இருக்கிறது. அப்படியானால் இப்போதே விடலாமா, அல்லது இந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறதா?

#2 எண்சுவடி

ஓட்டை இருக்கிறது. இந்த முடிவில் மிக அதிகம் பேர் சறுக்கும் இடமும் அதுதான்.

அந்த 12 மணி நேரம் என்பது உட்கார்ந்து வரைந்த நேரம் மட்டும்தானே? விசாரிப்பவருக்குப் பதில் எழுதுவது, கொட்டேஷன் போடுவது, "இந்த நிறம் கொஞ்சம் மாத்துங்க" என்ற போன், பில் அனுப்புவது, வராத காசைக் கேட்பது எல்லாம் சாப்பாட்டு இடைவேளையிலும் பஸ்ஸிலும் நடந்திருக்கும். அந்த நேரத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. முழுநேரம் ஆன பிறகு அவை வேலை நாளுக்குள் வந்து உட்காரும்.

வருடக் கணக்காகப் பாருங்கள். 365 நாளில் வார விடுமுறை 104. பொது விடுமுறை 10, சொந்த விடுப்பு 15, உடம்பு முடியாத நாள் 6 என்று வைத்தால் மீதி 230 நாள். நாளுக்கு 8 மணி என்றால் 1,840 மணி நேரம். தனியாளாகச் செய்பவருக்கு அதில் 60 விழுக்காடு காசாகும் நேரமாக அமைந்தால் நல்ல நிலை. 1,104 மணி நேரம். மாதத்துக்கு 92.

இப்போது தேவை. வீட்டுக்கு மாதம் 80. நிறுவனம் கட்டிய மருத்துவக் காப்பீடும் ஓய்வுக்காலப் பங்கும் இனி உங்கள் தலையில், அதற்கு 12. ஆக வரி போகக் கையில் நிற்க வேண்டியது 92, வருடத்துக்கு 1,104. லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரி என்று வைத்தால், வரிக்கு முன் 1,380. மென்பொருள், கருவி, இணையம், கணக்காளர் என்று தொழில் செலவு மாதம் 15, வருடத்துக்கு 180. கூட்டினால் 1,560. நூற்றுக்கு ஐந்து வராக்கடனாகப் போகும் என்று ஒதுக்கினால் 1,642 அளவுக்குப் பில் போட வேண்டும். மாதம் 137.

1,642ஐ 1,104ஆல் வகுத்தால் மணிக்கு 1.49. உங்கள் இப்போதைய விகிதம் என்ன? மாதம் 52 மணி நேரத்துக்கு 45, அதாவது மணிக்கு 0.87. இந்த விலையிலேயே முழுநேரம் போனால் மாதம் 92 மணி நேரத்துக்கு 80 வரும். 150 அல்ல. தேவையான 137க்குப் பக்கத்தில்கூட இல்லை.

வேலையை விடுவதற்கு முன் தீர வேண்டியது விலை. சேமிப்பு அதற்கு அடுத்ததுதான்.

#3 உளிச்சத்தம்

எண்சுவடி அண்ணே சொன்னது மணிக்கணக்குல விக்கிறவங்களுக்கு. பொருள் செஞ்சு விக்கிறவங்களுக்கு அதே ஓட்டை வேற ரூபத்துல வரும், அதையும் போட்டுடறேன். மர வேலை, தையல், சோப்பு, எதுவா இருந்தாலும் இதே கணக்குதான்.

ஒரு உருப்படி விலை 10. மூலப்பொருள் 6. மிச்சம் 4ன்னு எழுதிக்குவாங்க. பேக்கிங், அனுப்புற செலவு, உடைஞ்சு திரும்பி வர்றது, பணம் வாங்குற ஆப் பிடிக்கிற கமிஷன் எல்லாம் சேர்த்தா இன்னொரு 0.6 போயிடும். நிக்கிறது 3.4.

பட்டறை வாடகை, கரண்ட், மெஷின் பராமரிப்பு 40. வீட்டுக்கும் காப்பீட்டுக்கும் 92. மொத்தம் 132. வரியை இன்னும் தொடவே இல்ல. 132ஐ 3.4ஆல வகுத்தா மாசம் 39 உருப்படி வித்தாகணும்.

இங்கதான் எல்லாரும் நின்னுடுவாங்க. "39 தானே, வித்துடலாம்"னு. ஒரு உருப்படிக்கு எத்தனை மணி நேரம்னு கேளுங்க. 5 மணி நேரம்னா 195 மணி நேரம். மாசத்துக்கு 23 நாள், 8 மணி வேலை செஞ்சாலே 184தான் வரும். சரக்கு வாங்கப் போறது, வாடிக்கையாளர்கிட்ட பேசுறது, பட்டறையைக் கூட்டுறது எதுவும் அதுல சேரல. கஸ்டமர் வரிசையில நின்னாலும் இந்தத் தொழில் ஒரு ஆளுக்குச் சோறு போடாது.

விலையை 11.5 ஆக்கினா நிக்கிறது 4.9. அப்போ 27 உருப்படி, 135 மணி நேரம். நடக்கும். விலையில 1.5 வித்தியாசம்தான், ஆனா அதுலதான் தொழிலே நிக்குது.

பார்ட் டைமா செய்யும்போது இது ஏன் தெரியறதில்லைன்னா, வீட்டுச் செலவைச் சம்பளம் தாங்கிடுது. தொழில்ல வர்ற மிச்சம் எல்லாம் லாபம் மாதிரியே தெரியும்.

#4 வரைபலகை

ஆடிப்போய்விட்டேன். 12 மணி நேரம் என்பது நீங்கள் சொன்ன மாதிரி வரைந்த நேரம் மட்டும்தான். 0.87இலிருந்து 1.49க்கு எப்படிப் போவது? எழுபது விழுக்காடு ஏற்றினால் இருக்கிறவர்களும் போய்விட மாட்டார்களா?

#5 தராசுமுள்

ஒரே தாவலாக ஏற்ற வேண்டாம். பழையவர்களை இப்போதைக்குத் தொடவும் வேண்டாம். புதிதாக வருபவர்களிடம் மட்டும் 20 விழுக்காடு ஏற்றிச் சொல்லுங்கள். 0.87 ஆனது 1.04, அடுத்த படியில் 1.25, மூன்றாவது படியில் ஏறத்தாழ 1.5. மூன்றே படி.

எப்போது அடுத்த படிக்குப் போவது என்பதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். கொட்டேஷன் கொடுத்த பத்தில் எட்டு, ஒன்பது பேர் மறுபேச்சில்லாமல் சரி என்றால் விலை குறைவு. பாதிப் பேர் சரி என்று, பாதிப் பேர் போனால் ஏறக்குறைய சரியான இடம். பத்தில் இரண்டு பேர்தான் சரி என்கிறார்கள் என்றால், விலை அதிகம் என்பதைவிட, தப்பான ஆட்களிடமிருந்து விசாரிப்பு வருகிறது என்பதே பெரும்பாலும் காரணம். ஒவ்வொரு படியிலும் குறைந்தது எட்டுப் பத்து கொட்டேஷனாவது போக வேண்டும். இரண்டு பேர் மறுத்ததும் பழைய விலைக்கு இறங்கினால் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

இதைச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே செய்தாக வேண்டும். "இந்த விலைக்குக் கட்டாது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார முடிவது அடுத்த மாதச் சம்பளம் நிச்சயமாக இருக்கும்வரைதான். வேலையை விட்ட நாலாவது மாதம் கேட்ட விலைக்குத் தலையாட்டத்தான் தோன்றும், அப்படி ஒப்புக்கொண்ட விலையே அந்த வாடிக்கையாளரிடம் நிரந்தரமாகிவிடும்.

பழையவர்களுக்கு இரண்டு மாதம் முன்னதாகத் தேதி சொல்லி எழுத்தில் அனுப்புங்கள். காரணம் விளக்கி நீட்ட வேண்டாம். "இந்தத் தேதிக்குப் பிறகு ஏற்கும் வேலைகளுக்குப் புதிய கட்டணம் இது" என்ற ஒரு வரி போதும்.

#6 எண்சுவடி

ஆறு மாதச் சேமிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 480ஐ 80ஆல் வகுத்து ஆறு மாதம் என்கிறீர்கள். அது ஆறு மாதம் இல்லை.

முதலில் தொடக்கச் செலவு: நிறுவனம் கொடுத்த கணினிக்குப் பதில் சொந்தக் கணினி, மென்பொருள், பதிவுக் கட்டணம். 60 என்று வைப்போம். மீதி 420.

அடுத்து காசு வரும் தாமதம். முதல் தேதி தொடங்கிய வேலைக்கு மாதக் கடைசியில் பில். 30 நாள் தவணை. சொன்ன நாளில் தருபவர் குறைவு, இன்னும் 15 நாள் சேருங்கள். ஆக, முழுநேரமாக உட்கார்ந்த முதல் நாள் உழைப்பு காசாகி வருவது 75ஆம் நாள். அந்த இரண்டரை மாதமும் பழைய அளவான 45தான் வரும். செலவு வீடு 80, காப்பீடு 12, தொழில் 15, மொத்தம் 107. மாதம் 62 துண்டு விழும். இரண்டரை மாதத்துக்கு 155.

420இல் 155 போனால் 265. இதுதான் உண்மையில் தொழில் தடுமாறினால் தாங்கப் போகிற பணம். இறுக்கிப் பிடித்த செலவான 87க்கு (60, 12, 15) இது மூன்று மாதம். ஆறு என்று நினைத்தது மூன்றாகிவிட்டது, இன்னும் எந்தத் தவறும் நடக்கவில்லை.

ஓய்வுக்கால நிதியை இந்தச் சேமிப்பில் சேர்க்காதீர்கள். தொழில் கணக்கில் கிடக்கும் வரிப்பணத்தையும் சேர்க்காதீர்கள். சம்பளத்தில் வரி தானாகப் பிடிபட்டது, இனிப் பிடிக்க ஆள் இல்லை. காசு வந்த அன்றைக்கே வரிப் பங்கை வேறொரு கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். மாதக் கடைசியில் மாற்றலாம் என்று வைத்தால் மாறாது.

#7 நெய்தல்

ஒரு மாற்றுக் கருத்து. இப்படிக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாரும் எந்தக் காலத்திலும் வேலையை விட மாட்டார்கள். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் என்று நின்றால் இரண்டும் கெடும். இரவு பத்து மணிக்குக் களைத்துப்போய்ச் செய்யும் வேலையின் தரத்தைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர் உங்களை எடைபோடுகிறார். முழுமூச்சாக இறங்கினால்தான் தொழில் தன் உண்மையான முகத்தைக் காட்டும்.

#8 ஏடுதேடி

நெய்தல் சொல்லும் களைப்பு உண்மையான பிரச்சினை. ஆனால் இரண்டும் கெடும் என்பதற்கு எதிராக ஆய்வு இருக்கிறது. ஜோசஃப் ராஃபி, ஜீ ஃபெங் இருவரும் 2014இல் அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னலில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கத் தரவு. வேலையில் இருந்தபடியே தொடங்கிப் பிறகு முழுநேரத்துக்கு மாறியவர்கள், நேரடியாக வேலையை விட்டுத் தொடங்கியவர்களைவிடத் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பது அவர்கள் கண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பகுதிநேரத்தில் ஒத்துவராது என்று தெரிந்துகொண்டவர்கள் முழுநேரத்துக்கு மாறவே மாட்டார்கள். மாறியவர்கள் ஏற்கெனவே சலித்து எடுக்கப்பட்டவர்கள். அந்தச் சலித்தெடுப்பைத்தான் சம்பளம் இருக்கும்போதே செய்துகொள்ளச் சொல்கிறோம்.

"புதுத் தொழிலில் பாதி ஐந்து வருடத்துக்குள் மூடப்படுகிறது" என்று அடிக்கடி காட்டப்படும் கணக்கும் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத்திலிருந்து வருவது. அது ஆள் வைத்து நடத்தும் நிறுவனங்களைப் பற்றியது. தனியாளாக டிசைன் செய்பவருக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது, பயத்துக்கும் சரி, தைரியத்துக்கும் சரி.

#9 உளிச்சத்தம்

நெய்தல் சொல்றது சில தொழிலுக்குச் சரிதான். பகல்ல திறந்து வைக்க வேண்டிய கடை, கூப்பிட்ட உடனே போக வேண்டிய ரிப்பேர் வேலை, இதையெல்லாம் ராத்திரியில பார்ட் டைமா சோதிச்சுப் பார்க்க முடியாது. அதுக்கு வேற சோதனை வேணும். முன்பணத்தோட எத்தனை ஆர்டர் கையில இருக்கு? "நீ ஆரம்பி, நான் தர்றேன்"னு சொன்னவங்க எல்லாரையும் எண்ணாதீங்க. அட்வான்ஸ் கொடுத்தவங்களை மட்டும் எண்ணுங்க. முதல் ரெண்டு மாச வேலைக்குப் பாதியாவது அட்வான்ஸா வந்திருக்கணும். இல்லன்னா நீண்ட விடுப்பு எடுத்து, மூணு நாலு வாரம் முழுநேரமா செஞ்சு பாருங்க. ஆழம் பார்த்துட்டுக் கால் வைக்கிறது பயந்தாங்கொள்ளித்தனம் ஆகாது.

#10 தராசுமுள்

வரைபலகை, உங்களைப் போன்றவர்களுக்கு நாள் குறிக்க ஒரே ஒரு அடையாளம் சொல்லச் சொன்னால், நான் சொல்வது இது: தொழில் வளராமல் தடுப்பது வாடிக்கையாளர் இல்லாததா, நேரம் இல்லாததா?

வாடிக்கையாளர் இல்லாததுதான் தடை என்றால் வேலையை விட்டு ஒரு பலனும் இல்லை. காலி நேரம் அதிகமாகும், அவ்வளவுதான். நேரம் இல்லாமல் வேலையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தால் அப்போது அலுவலகம் உண்மையிலேயே தடை.

இதை ஊகிக்க வேண்டாம். 12 வாரத்துக்கு ஒரு நோட்டில் ஏழு கட்டம் போட்டு எழுதுங்கள். விசாரிப்பு வந்த தேதி. யார் மூலம் வந்தது. கொட்டேஷன் தொகை. பதில்: சரி, வேண்டாம், "நேரமில்லை என்று நான் மறுத்தேன்". போட்ட மதிப்பீடு எத்தனை மணி, ஆனது எத்தனை மணி. பில் தேதி. காசு வந்த தேதி.

இந்த நோட்டு சொல்பவை: நேரமில்லாமல் மறுத்ததும் தள்ளிப்போட்டதும் சேர்ந்து மாதம் எத்தனை மணி நேரம். உங்களுக்கு மாதம் 92இல் 52 ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. மறுத்த வேலை மூன்று மாதம் தொடர்ந்து 40 மணி நேரத்தைத் தொட்டால், அதுவும் புதிய விலையில் தொட்டால், அதுவே தேதி.

மதிப்பீடும் நடப்பும் எவ்வளவு விலகுகிறது என்றும் தெரியும். பத்து மணி என்று சொல்லிப் பதினாலு ஆகிறதென்றால் உங்கள் உண்மையான விலை இன்னும் குறைவு. திருத்தம் எத்தனை முறை என்று கொட்டேஷனிலேயே எழுதாததுதான் வழக்கமான காரணம். இரண்டு சுற்றுத் திருத்தம் சேர்த்து இந்தத் தொகை, மூன்றாவதிலிருந்து மணிக்கணக்கு என்று போடுங்கள்.

"யார் மூலம்" என்ற கட்டம் மிக முக்கியம். எல்லா வேலையும் அலுவலகச் சகாக்கள், அலுவலக வாடிக்கையாளர் மூலமாகவே வருகிறது என்றால், நீங்கள் வெளியேறிய ஆறு மாதத்தில் அந்த ஊற்று வற்றும்.

#11 ஷரத்து

அதோடு, அது அக்ரிமென்ட்டையும் மீறலாம். வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளை முழுக்கப் படித்தவர்கள் குறைவு. ராஜினாமாவுக்கு முன்னால் அல்ல, முதல் வாடிக்கையாளரை ஏற்கும் முன்னாலேயே பார்க்க வேண்டியவை:

வெளிவேலை செய்ய முன் அனுமதி வேண்டுமா. வேலைக்காலத்தில் நீங்கள் உருவாக்கியது யாருக்குச் சொந்தம். சில ஒப்பந்தங்களில், சொந்த நேரத்தில் செய்ததும் நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புள்ளதாக இருந்தால் அவர்களுக்கே என்று இருக்கும். விலகிய பிறகு நிறுவனத்தின் வாடிக்கையாளரையோ ஊழியரையோ எத்தனை காலம் அணுகக் கூடாது. போட்டித் தொழில் தடை உண்டா. இந்தத் தடை செல்லுமா என்பது நாட்டுக்கு நாடு சட்டத்தில் வேறுபடும், ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்காருவது நல்ல செலவு. பயிற்சிக்கான பாண்ட் பாக்கி உண்டா. நோட்டீஸ் எத்தனை நாள்.

ஸ்டீவ் வாஸ்னியாக் ஹியூலெட் பேக்கார்டில் பொறியாளராக இருந்தபோதுதான் ஆப்பிளின் முதல் கணினியை வடிவமைத்தார். அதைத் தன் நிறுவனத்திடமும் காட்டினார், அவர்கள் வேண்டாம் என்றார்கள். 1976இல் ஆப்பிள் தொடங்கிய பிறகும் வேலையை உடனே விடவில்லை. அந்த வரிசையைக் கவனியுங்கள்: உரிமை தெளிவானது முதலில், ராஜினாமா கடைசியில்.

அலுவலக லேப்டாப், அலுவலக மென்பொருள் உரிமம், அலுவலக மெயில், இவற்றில் ஒரு கோப்பைக்கூடத் திறக்காதீர்கள். தகராறு வந்தால் முதலில் எடுக்கப்படும் ஆதாரம் அதுதான். விலகும் வாரத்தில் "ஒரு பேக்கப்" என்று பென் டிரைவில் பழைய வேலைகளை நகலெடுப்பது அதைவிட ஆபத்து. போர்ட்ஃபோலியோவில் காட்ட எது வேண்டுமோ அதற்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

#12 மின்கம்பி

சம்பளச் சீட்டு கையில இருக்கும்போதே முடிக்க வேண்டிய சில வேலை. சுருக்கமா சொல்றேன்.

வீட்டு வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கணும்னாலோ, கடன் வாங்குற திட்டம் இருந்தாலோ, விடுறதுக்கு முன்னாடி முடிங்க. சொந்தத் தொழில்னா வங்கி பெரும்பாலும் சில வருஷ வரிக் கணக்கு கேக்கும். ஆனா கடன் எடுத்து அதையே தொழிலுக்கு முதலாப் போடாதீங்க, தவணை மாசச் செலவுல ஏறிடும்.

மருத்துவக் காப்பீடு சொந்தப் பேர்ல இப்பவே எடுங்க. பல பாலிசியில ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அந்தக் காலம் ஓடட்டும், அதுவரை கம்பெனி காப்பீடு கூடவே இருக்கும். பல், கண், தள்ளிப்போட்ட டெஸ்ட் எல்லாம் இப்பவே.

போனஸ் தேதி, பங்கு கைக்கு வர்ற தேதி, பணிக்காலம் முழு வருஷம் ஆகுற தேதி, இதையெல்லாம் காலண்டர்ல குறிங்க. ரெண்டு வாரம் அவசரப்பட்டு ராஜினாமா கொடுத்து ஒரு வருஷ போனஸ விடுறது நடக்குது. போனஸ் கணக்குல ஏறின பிறகுதான் லெட்டர். நோட்டீஸ்ல இருக்கிறவங்களுக்கு போனஸ் இல்லன்னு விதி இருக்கான்னும் பாருங்க.

#13 வரைபலகை

எண்சுவடி சொன்ன 265ஐ வைத்துத் திரும்பவும் உட்கார்ந்து பார்த்தேன். ஒத்துவராமல் போனால் வேலை தேட எத்தனை மாதத்துக்கான பணத்தை ஒதுக்க வேண்டும்?

#14 எண்சுவடி

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் வெளியே போகிறவர்கள் கையிருப்பு பூஜ்யமாகும் நாளில்தான் வேலை தேடத் தொடங்குகிறார்கள். அப்போது கிடைத்த வேலையை எடுக்க வேண்டியதாகிறது.

உங்கள் துறையில் வேலை கிடைக்க மூன்று மாதம், முதல் சம்பளம் வர ஒரு மாதம் என்று வைப்போம். நாலு மாதம். மாதம் 87, மொத்தம் 348. கையில் 265. அதாவது எந்த வரவும் இல்லையென்றால் வெளியேறும் நாளிலேயே திரும்பும் கோட்டுக்கு, அதாவது வேலைக்குத் திரும்பும்வரை தாங்கத் தேவையான தொகைக்கு, கீழே நிற்கிறீர்கள்.

வாடிக்கையாளர் எல்லோரும் ஒரே நாளில் போய்விட மாட்டார்கள், அது உண்மைதான். அதனால் இன்னொரு கணக்கு: உங்கள் 45இல் மிகப் பெரிய வாடிக்கையாளர் எவ்வளவு தருகிறார்?

#15 வரைபலகை

18.

#16 எண்சுவடி

நாற்பது விழுக்காடு. அவர் தருவதை நீக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள். மீதி வரவு 27. துண்டு மாதம் 60, நாலு மாதத்துக்கு 240. 265இல் 240 திரும்பி வருவதற்கான பணம். சோதித்துப் பார்க்க மிஞ்சுவது 25. ஒரு மாதச் செலவின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

திரும்பும் கோடு என்பது இந்த 240. கையிருப்பு அதைத் தொட்ட வாரம் வேலைக்கு விண்ணப்பம் போக வேண்டும். தொழிலை மூட வேண்டியதில்லை, விண்ணப்பம் மட்டும். இந்த எண்ணை இப்போதே எழுதி, வீட்டில் செலவைப் பகிர்பவரிடம் காட்டி வையுங்கள். அந்த நாளில் "இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்" என்று தோன்றும், அப்போது எழுதி வைத்த எண்ணும் அதைப் பார்த்த இன்னொருவரும் வேண்டும்.

இனி வழி. அடுத்த ஆறு மாதம் தனி வேலை வரவில் மட்டும் வாழ்ந்து பாருங்கள். சம்பளம் முழுவதும் வேறு கணக்குக்குப் போகட்டும். இறுக்கிய செலவு 60, வரவு 45, குறையும் 15ஐ மட்டும் சம்பளத்திலிருந்து எடுங்கள். மாதம் 85 சேரும், ஆறு மாதத்தில் 510. அதைவிடப் பெரிய பலன், 60இல் வாழ முடியுமா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்துவிடும். தாளில் 60 என்று எழுதியவர்களில் பலருக்கு அது 70இல்தான் நிற்கும்.

#17 நெய்தல்

இந்த எண்களைப் பார்த்த பிறகு என் வாதத்தின் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி நிற்கிறது: வாரம் 40 மணி அலுவலகம், அதன் மேல் 12, கணக்கில் வராத ஐந்தாறு. இதை ஒரு வருடம் இழுத்தால் முதலில் கெடுவது தூக்கம், பிறகு வேலையின் தரம். மறுத்த வேலை 40 மணி நேரம் ஆகும்வரை காத்திரு என்றால், அதற்குள் ஆளே உடைந்துவிடலாம்.

#18 தராசுமுள்

அதற்குத்தான் நடுப் படி இருக்கிறது. ஐந்து நாளை நாலாக்கக் கேட்பது. பலர் இதை நினைத்தே பார்ப்பதில்லை, ராஜினாமா அல்லது முழுநேரம் என்ற இரண்டே வழி என்று நினைக்கிறார்கள்.

ஆனால் இதற்கும் நேரம் இருக்கிறது. சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 80 ஆகும். கிடைப்பது மாதம் 35 மணி நேரம், அதில் காசாகும் நேரம் 21. இப்போதைய 0.87 விலையில் அது 18. இரண்டு நட்டம், போக அலைச்சல். முதல் படி ஏற்றிய 1.04 விலையில் 22. சமன் ஆகிறது. அதனால் முதல் விலையேற்றம் நிலைத்த பிறகு கேளுங்கள்.

கேட்கும்போது, எந்த வேலை யாரிடம் போகும், எந்தச் சந்திப்பு எந்த நாளுக்கு மாறும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். மூன்று மாதச் சோதனையாகக் கேட்பது எளிது. காப்பீடும் பணிக்காலப் பலன்களும் நாலு நாளிலும் தொடருமா என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் வாங்குங்கள். சில இடங்களில் குறிப்பிட்ட மணி நேரத்துக்குக் கீழே போனால் அவை நிற்கும்.

#19 மின்கம்பி

ஒண்ணு சேர்த்துக்கோங்க. பன்னிரண்டு வார நோட்டு சீசன்ல விழுந்தா ஏமாத்திடும். உங்க தொழில்ல எந்த மாசம் மந்தம்னு போன ரெண்டு வருஷ பில்லை மாசவாரியாப் பார்த்தா தெரியும். மந்த காலம் முடியுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வெளிய வந்தா, வாடிக்கையாளர் தேடுற நேரமும் காசு வராத நேரமும் ஒண்ணா முடியும். சீசன் உச்சியில வந்தா முதல் மூணு மாசம் அமோகமா இருக்கும், கையில காசு இருக்குன்னு அலுவலக அறை எடுப்பீங்க, அப்புறம் மந்தம் வரும்போது வாடகை நிக்கும்.

முதல் வருஷம் அறை வேண்டாம். ஆளும் வேண்டாம். அகலக்கால் வைக்கிறது பெரும்பாலும் இந்த ரெண்டுலதான்.

#20 ஷரத்து

ஒரே வாடிக்கையாளர் "எனக்கு மட்டும் செய், மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று கூப்பிட்டு அதை நம்பி வேலையை விடுபவர்களுக்கு: ஒரே இடத்துக்கு, அவர்கள் சொன்ன நேரத்தில், அவர்கள் கருவியில் செய்தால் பல நாடுகளில் சட்டம் அதைச் சொந்தத் தொழிலாகப் பார்க்காது. உங்களுக்கும் அது வேலைதான், காப்பீடும் விடுப்பும் இல்லாத வேலை. அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச மாதத் தொகை, நிறுத்த 60 நாள் முன்னறிவிப்பு, பில் தேதியிலிருந்து 15 நாளில் பணம், இந்த மூன்றும் இருக்கட்டும்.

#21 வரைபலகை

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு ராஜினாமா இல்லை. நோட்டு இன்றைக்கே தொடங்குகிறது. புதியவர்களுக்கு விலை 20 விழுக்காடு ஏறும், திருத்தம் இரண்டு சுற்று என்று கொட்டேஷனில் எழுதுகிறேன். சம்பளம் தனிக் கணக்குக்குப் போகும். பழைய அக்ரிமென்ட்டைத் தேடி எடுத்துவிட்டேன், வெளிவேலைக்கு எழுத்தில் அனுமதி வேண்டும் என்று நாலாவது பக்கத்தில் இருக்கிறது. அதை முதலில் வாங்க வேண்டும்.

விலை நிலைத்ததும் நாலு நாள் கேட்பேன். எந்த நாளைக் கேட்பது? வெள்ளி என்றால் அலுவலகத்தில் சுலபமாகக் கிடைக்கும்.

#22 தராசுமுள்

வெள்ளி வேண்டாம். சனி ஞாயிறோடு ஒட்டிக்கொண்டு அது வீட்டு வேலை நாளாகிவிடும், வாடிக்கையாளர்களும் அன்றைக்கு முடிவு சொல்ல மாட்டார்கள், திங்களுக்குத் தள்ளுவார்கள். திங்களன்று நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். செவ்வாய் அல்லது புதன் கேளுங்கள். திங்கள் வந்த விசாரிப்புக்கு மறுநாளே பேசி, கொட்டேஷன் அனுப்பி, வாரம் முடிவதற்குள் பதில் வாங்க நேரம் இருக்கும். அந்த நாளில் காலை வேளை வரைவதற்கு, மதியத்துக்கு மேல் போனுக்கும் பில்லுக்கும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முழுநேரம் ஆன பிறகு உங்கள் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் இருக்கப் போகிறது. அந்த 60 விழுக்காடு உங்களுக்கு 60தானா, 50தானா என்பதும் அந்த ஒரு நாளிலேயே தெரியத் தொடங்கும். 50 என்றால் 1.49ஐ 1.78 என்று திருத்தி எழுதுங்கள்.